பயிற்சிப் பொம்மைக்குக் காய்ச்சல்

ஆடி பிறந்து, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று எங்கள் பூவரசு முதியோர் குடியிருப்பின் ஜன்னல் கதவுகளை எல்லாம் ஒன்று விடாமல் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சி அறைக் கட்டிலில் படுத்திருந்த ரப்பர் பொம்மைக்கு நூற்றியொன்று காய்ச்சல் அடித்தது, நாங்கள் ஈரத்துணி போட்டோம், பதினோரு மணிக்குக் காய்ச்சல் இறங்கியது, அதன் பிறகு டீ குடித்தோம். கோயம்புத்தூருக்கு மேற்கே, சிறுவாணி ரோட்டில், எண்பத்து மூன்று பெரியவர்களை முப்பது பேர் பார்த்துக்கொள்கிற இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்க யாருக்கும் நேரம் கிடையாது. காய்ச்சல் என்று வந்துவிட்டால் துணியை நனைக்க வேண்டியதுதான்.

என் பெயர் மயிலாத்தாள். பதினொரு வருடமாக இங்கே பராமரிப்பு வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டி விடுவது, கழுவி விடுவது எல்லாம் எனக்குக் கை வந்த வேலை, அந்தத் திமிரும் எனக்கு உண்டு. அதனால்தான் சென்னையிலிருந்து வினோதா மேடம் மூன்று வாரப் பயிற்சி நடத்த அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இனிமேல் என்னத்தைப் படிப்பது என்று முணுமுணுத்தேன். ஆள் உயரப் பொம்மை அது. கை கால் மடங்கும், முதுகு வளையும், இடுப்புக்குக் கீழே திருகிப் பொருத்துவதற்கு ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு ரப்பர் துண்டுகள் ஒரு நீல டப்பாவில் தனியாக இருக்கும். எங்கள் சின்னப் பெண் நந்தினி அந்த டப்பாவை முதல் நாள் திறந்து பார்த்துவிட்டு மூடினவள்தான், அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

காய்ச்சலுக்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, வினோதா மேடம் ஒரு பாடம் எடுத்தார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து குடும்பமாக வாழ்ந்துவிட்டு, வயதான காலத்தில் அண்ணன் தம்பி என்றும் சிநேகிதி என்றும் படிவத்தில் எழுதிக் கொடுத்து ஒரே அறை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், திருநங்கையாக, திருநம்பியாக வாழ்ந்து முடித்து, கடைசிக் காலத்தில் மற்றவர் கையில் உடம்பைக் கொடுக்க வேண்டி வருமே என்று பயந்து நோயை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாவைவிட உங்கள் மேல்தான் பயம் அதிகம் என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். நாங்கள் பத்துப் பதினைந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நம்ம குடியிருப்புல அப்படி யாரும் இல்லீங் மேடம்."

அதைச் சொன்னது நான்தான்.

"இல்லைன்னு எப்படித் தெரியும்? கேட்டிருக்கீங்களா?"

"அதையெல்லாம் போய்ப் பெரியவங்ககிட்டக் கேக்கறது மரியாதைங்களா?"

அவர் கோபப்படவில்லை. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரச் சொல்லி, ஒருவர் கையை ஒருவர் தொடாமல், கண்ணைப் பார்த்து ஒரு வரி சொல்லிப் பழகச் சொன்னார். 'உங்க உடம்ப எப்படிப் பாத்துக்கணும்னு நீங்களே சொல்லுங்க.' அவ்வளவுதான் வரி. நந்தினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, தண்ணி தாகமாக இருக்கிறது என்று எழுந்து வெளியே போய்விட்டேன். நாகர்கோவில்காரரான எங்கள் பிரிசில்லா சிஸ்டர் மட்டும் அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள்தான் பொம்மைக்குக் காய்ச்சல். துணி போடுவதற்காகப் புரட்டியபோது முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கிற இடத்தில், நெல்லிக்காய் அளவுக்குப் படுக்கைப் புண் இருந்தது. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் ஈரமாக, நல்ல நிஜப் புண். சிஸ்டர் உப்புத் தண்ணீரால் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். அன்று மாலை நான் ஒன்பதாம் அறைக்குக் காபி கொண்டுபோனபோது அமிர்தவல்லி அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"இன்னிக்கு இடுப்புக்குப் பின்னால குளுகுளுன்னு இருக்குது அம்மிணி. யாரோ மருந்து வெச்சு உட்ட மாதிரி."

அமிர்தவல்லி அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பொள்ளாச்சியிலிருந்து ஈரோடு வரைக்கும் முப்பது வருடம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவர், நல்ல உயரம், இன்னும் பத்து அடுப்புக்குக் கேட்கிற குரல். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை என்று எழுதிக் கொடுத்து இரண்டு வருடத்துக்கு முன்பு வந்தார். பங்குனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து பெரும்பாலும் படுக்கைதான். ஆனால் இடுப்புக்குக் கீழே போர்வையை விலக்க ஒருவரையும் விடமாட்டார், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வார், நானே பாத்துக்கறேன் என்று உள்ளிருந்து சத்தம் வரும். அந்தக் காலத்து மனுஷி, என்ன ஒரு கூச்சம் பாரு என்று நாங்கள் அவரை மெச்சிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் ஒரு ஆள் வேலை மிச்சம் என்று எங்களுக்கு உள்ளூர நிம்மதி.

பிரிசில்லா சிஸ்டர் யோசனைக்காரர். புதன்கிழமை காலை ஒரு சொம்பு வெந்நீரைப் பொம்மையின் இடது காலில் ஊற்றினார். இரண்டு தாழ்வாரம் தள்ளி இருக்கிற ஒன்பதாம் அறையிலிருந்து, யாரு கால்ல சுடுதண்ணி ஊத்தறது என்று குரல் வந்தது. பொம்மை உடம்பும் அமிர்தவல்லி அம்மா உடம்பும் ஒன்றாகிவிட்ட விஷயம் அதோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

விளங்கிய பிறகு குடியிருப்பு அதைத் தன் வழக்கத்துக்குள் எப்படி இழுத்துப் போட்டுக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. மேனேஜர் சௌந்தரராஜன் சார் வேலைப் பட்டியலில் ஒன்பதாம் அறைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பொம்மை என்று எழுதினார், சமையல்கட்டிலிருந்து பொம்மைக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கஞ்சி வந்தது, அதை யார் குடிப்பது என்று வாட்ச்மேனுக்கும் தோட்டக்காரருக்கும் சண்டை வந்தது, மூன்றாம் அறை ரிட்டையர்ட் தாசில்தார் எனக்கும் ஒரு பொம்மை ஏற்பாடு பண்ணுங்கள், இந்த வயதில் தினமும் குளிக்க முடியவில்லை என்று மனு எழுதிக் கொடுத்தார், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற மாமிமார்கள் போகிற போக்கில் பொம்மைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள், அந்தச் சாந்து நெற்றியில் அரிக்கிறது என்று அமிர்தவல்லி அம்மா திட்டினார். இரண்டு மணிக்கு ஒரு முறை பொம்மையைப் புரட்டினோம். புண் ஆறி வந்தது. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடச் சௌகரியமாக இருந்தது.

அவருக்கும் சௌகரியம்தான். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, அங்கே பொம்மைக்குப் பண்ணுகிறதைப் பண்ணுங்கள் என்று சிரிப்பார். வினோதா மேடம் மட்டும் இரண்டு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்ககிட்டப் பேசுங்க மயிலாத்தாள். பொம்மைய வெச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க?" என்றார். ஆகட்டுங்க என்றேன். பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பொம்மையைக் குளிப்பாட்டுகிற முறை நந்தினிக்கு. நல்ல மனசுக்காரி, அதுதான் வினையாகிப் போனது. அத்தனை பேர் வந்து பார்க்கிற பொம்மை அமிர்தவல்லி அம்மா மாதிரி ஒரு பெரிய மனுஷிக்கு உரியதாயிற்றே, அதை அரைகுறையாகப் போட்டு வைக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நீல டப்பாவைத் திறந்து பெண்ணுக்கான துண்டை எடுத்து இறுக்கமாகத் திருகிப் பொருத்தி, மேலே தன்னுடைய பழைய சேலை ஒன்றையும் சுற்றிவிட்டு வந்து, அம்மாவப் பாருங்க்கா, இப்பத்தான் லட்சணமா இருக்காங்க என்று என்னிடம் சொன்னாள். நானும் சரி என்றேன்.

பத்து மணிக்கு ஒன்பதாம் அறையில் மணி அடித்தது. அமிர்தவல்லி அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டு நீர் பிரியவில்லை என்றார். பயிற்சி அறைக்கு ஓடினால், பொம்மையின் அடிவயிறு மேடிட்டு, தட்டினால் தவில் மாதிரி விறைத்திருந்தது. சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டார். குழாய் போட்டு எடுங்கள், மதியம் ஒரு மணிக்குள் எடுக்க முடியவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள், அதற்கு மேல் தாமதித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அமிர்தவல்லி அம்மா தன் கைப்பட எழுதியிருந்தார், என்ன நடந்தாலும் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது, செத்தாலும் இங்கேயே சாகிறேன் என்று. காரணம் எழுதவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

நந்தினி அழுதுகொண்டே அந்தத் துண்டைத் திருகிக் கழற்றினாள். யாரோ, அப்ப இன்னொன்னுதான் போல என்று சொல்ல, மற்றதைப் பொருத்தினோம். ஒன்பதாம் அறையிலிருந்து வந்த முனகலை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அதையும் கழற்றி எறிந்தோம். இரண்டும் இல்லாமல் விட்டபோது முனகல் கொஞ்சம் அடங்கியது, வயிறு மட்டும் இறங்கவில்லை. சிஸ்டர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மையையே பார்த்தார். இடுப்புக்குக் கீழே அது வழுவழுவென்று வெறும் ரப்பராக இருந்தது. குழாய் போட வழியே இல்லை.

மணி பன்னிரண்டு. வெளியே காற்று தகரக் கூரையைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தது, உள்ளே நாங்கள் எட்டுப் பேர் ஒரு பொம்மையைச் சுற்றி நின்றோம், பொம்மையின் வயிறு எங்கள் கண் எதிரிலேயே இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தது. அப்போது மேனேஜர் சார் எலக்ட்ரீஷியனையும் ட்ரில்லிங் மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வழிதானே இல்ல. சின்னதா ஒரு துளை போட்டுடலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டுதான் இருந்தது.

எலக்ட்ரீஷியன் ஒயரைச் சொருகி ஒரு தரம் ஓட்டிப் பார்த்தான். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் ஏறியது. நான் பொம்மையின் வயிற்றின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன், அது சுட்டது.

"இங்க துளை உளுந்தா ஒம்பதாம் ரூம்ல என்னங் சார் உளுகும்? யோசிச்சீங்களா?"

எலக்ட்ரீஷியன் ஒயரைப் பிடுங்கினான். வினோதா மேடம் வாசலில் நின்றிருந்தார். நான் கேட்க வேண்டியதை நான்தான் கேட்க வேண்டும் என்பது மாதிரி அவர் சும்மா நின்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது, அப்புறம் அது என் மேலேயே திரும்பிக்கொண்டது.

ஒன்பதாம் அறைக்குப் போய், அங்கே நின்றவர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அமிர்தவல்லி அம்மாவின் முகம் வேர்த்து ஒழுகியது, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன வாரம் பாடத்தில் தாகமென்று எழுந்து ஓடியபோது விட்டுவிட்டுப் போன அந்த வரி ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"அம்மா, உங்க உடம்ப எப்படிப் பாத்துக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது.

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கறயா?"

"இல்லீங்."

"முப்பது வருசத்துக்கு முன்னால ஒரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். காய்ச்சல்தான். டாக்டரு போர்வையத் தூக்கிப் பாத்தான். பாத்துட்டு, படிக்கற பசங்களக் கூப்புட்டான். என்னைய ஒரு வார்த்த கேக்கல. பதினோரு பேரு அம்மிணி, நான் எண்ணுனேன். ஒருத்தன் சிரிச்சான்." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான். இனி ஒருத்தரும் பாக்கக் கூடாதுன்னு."

தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் பொம்பளதான். ஆனா நீ பொறந்த மாதிரி நான் பொறக்கல. உனக்கு வெளங்குதா?"

"வெளங்குதுங் அம்மா."

"அருவருப்பா இருக்குதா?"

"இல்லீங். வெக்கமா இருக்குது. இங்க அப்படி யாரும் இல்லைன்னு நாந்தானுங் சொன்னேன். உங்கள ஒரு வார்த்த கேக்காமயே சொல்லிப்போட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போதும் என்று என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே, ஆயிரம் பேர் பந்திக்குச் சாமான் பட்டியல் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பத்தொம்பது வயசுல அறுத்துப் பண்ணுனது. டாக்டரு இல்ல, எங்க ஆளுகள்லயே ஒரு அம்மா. பொழச்சதே பெருசு. நீரு போற வழி ரொம்பச் சின்னது, வருசம் போகப் போக இன்னுஞ் சுருங்கிப் போச்சு. நீங்க கையில வெச்சிருக்கற குழா போகாது. பச்சக் கொழந்தைக்குப் போடற குழா இருந்தா எடுத்தாரச் சொல்லு. நீயும் சிஸ்டரும் மட்டும் இருங்க. வேண்டிய எடத்த மட்டும் தொறங்க, மத்தத மூடியே வெய்ங்க. தொடறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத் தொடுங்க."

சிஸ்டரின் அவசரப் பெட்டியின் அடியில் அப்படி ஒரு குழாய் உறை பிரிக்காமல் இருந்தது. கதவைச் சாத்தினோம், ஜன்னல் திரையை இழுத்தோம். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் சொன்னார், அம்மா போர்வைய எடுக்கப் போறேன், அம்மா தண்ணி குளிரா இருக்கும், அம்மா இப்பத் தொடப் போறேன் என்று சொல்லிச் சொல்லித் தொட்டார். முதல் தடவை போகவில்லை. இரண்டாம் தடவையும் போகவில்லை. அமிர்தவல்லி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது. கொஞ்சம் சரிச்சுப் புடிங்க சிஸ்டர், எடது பக்கமா, என்று அவரே வழி சொன்னார். ஒரு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கையில் பையில் முதல் சொட்டு விழுந்தது, அடுத்தது விழுந்தது, அப்புறம் நில்லாமல் வந்தது.

சிஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஈரத்துணியால் அமிர்தவல்லி அம்மாவின் முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், துடைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு முதுகையும் துடைத்தேன்.

"உன்ற கை சூடா இருக்குது" என்றார். "மனுசங் கை பட்டு எத்தன வருசமாச்சு." அதற்குப் பிறகுதான் அழுதார், நானும் அழுதேன். அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ தெனமும் இருக்க மாட்டயல்ல?" என்றார்.

"ஞாயித்துக்கெழமை லீவுங். மத்த நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்குந்தானுங்."

"அப்ப மத்த புள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்துப்போடு. ஆனா ஒவ்வொருத்தியும் கதவத் தட்டோணும், பேரச் சொல்லோணும், கேட்டுட்டுத்தான் உள்ள வரோணும். கேக்காம வர்றவ இந்த வாசப்படி மிதிக்கப்படாது."

பொம்மை அன்று மத்தியானமே சாதாரணப் பொம்மையாகிவிட்டது. வயிறு வற்றி, புண் இருந்த இடம் மழுங்கி, வெந்நீர் ஊற்றினால் ஒன்பதாம் அறையில் ஒரு சத்தமும் இல்லை. தாசில்தாருக்குத்தான் ஏமாற்றம். பயிற்சி முடிந்து வினோதா மேடம் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனபோது மாமிமார்கள் இரண்டு பேர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அமிர்தவல்லி அம்மாவைப் பற்றி அங்கங்கே குசுகுசுவென்று பேச்சு நடந்தது. ஒரு அம்மாள் சாப்பாட்டுக் கூடத்தில் தன் மேஜையை மாற்றிக் கேட்டார், மாற்றிக் கொடுத்தோம், மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழைய மேஜைக்கே வந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் அறைக்குப் போக வேண்டியது நந்தினி. அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தேன், இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. வாளியையும் துண்டையும் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நந்தினிங் அம்மா. உடம்பு தொடைக்க உள்ள வரட்டுங்களா?"

தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். காற்றுகூட ஓய்ந்திருந்தது. பொம்மைக்கு அந்தத் துண்டைத் திருகினது நந்தினியின் கைதான் என்று குசுகுசுப் பேச்சில் அவர் காதுக்கும் போயிருந்தது, நந்தினிக்கும் அது தெரியும்.

"இப்ப வேண்டாம்" என்றது உள்ளிருந்த குரல்.

இந்த வேலையில் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் கேட்டு வழக்கமில்லை. ஆகட்டுங் ஆகட்டுங் என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடுவோம், நேரம் ஆகிவிடும் அல்லவா. நந்தினி என் முகத்தைப் பார்த்தாள். வந்துவிடு என்று கை காட்டினேன். அவள் சரிங் அம்மா என்று சொல்லிவிட்டு, ஆறிப் போகப் போகிற வெந்நீரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள், கண் கலங்கியிருந்தது.

ஒன்பதரைக்கு வேறு வெந்நீர் பிடித்துக்கொண்டு மறுபடியும் போனாள். மறுபடியும் தட்டினாள், மறுபடியும் பேரைச் சொன்னாள், மறுபடியும் கேட்டாள்.

"வா" என்றார் அமிர்தவல்லி அம்மா. "மொதல்ல கையக் கழுவு."

நந்தினி கழுவினாள்.